மூன்றரை மாடிக் குழுவின் நாலாவது வாத்தியம்

அந்தக் குழுவின் நோட்டீசில் நாலு வரிகள் இருந்தன. கிடாரும் பாட்டும்: லிஃப்ட் மெக்கானிக். டிரம்ஸ்: டிரைவிங் மாஸ்டர். பேஸ் கிடார்: பல்லு. சிரிப்பு: ஜிப்பு.

நாலாவது வரியைப் பார்த்தவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அது பிழையில்லை. ஊரில் நகைச்சுவை ராக் குழு என்று இருந்ததே அது ஒன்றுதான். அதில் ஆறு வருஷம் ஒருத்தி சிரிப்பை வாத்தியமாக வாசித்தாள்.

ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்தில் அவளுடைய அண்ணனுக்குக் கடை. பை, பெட்டி பழுது பார்க்கிற கடை. வருகிறவர்களிடம் அண்ணன் பேசுவார். அவள் பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஜிப் மாட்டுவாள். அறுந்த ஜிப், வாய் பிளந்த ஜிப், இழுக்கிற ஓட்டி கழன்ற ஜிப், துணியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிற ஜிப் என்று எதைக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். வாயைத் திறந்து பேச வைப்பதற்குத்தான் பத்து நாளாகும். ஜிப்பு என்ற பெயர் கைவேலையால் வந்ததா, வாயால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

அவளுக்கு ஒரு கோளாறு இருந்தது. பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும்.

முதலில் தொண்டையில் மூன்று விக்கல். அடுத்து, பல் சிக்கிய ஜிப்பைப் பலவந்தமாக இழுத்த மாதிரி ஒரு 'க்ர்ர்ர்க்'. கடைசியில் மூக்கு வழியாக ஒரு நீள விசில். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்ததும் சிரித்தாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணியின் அப்பா இறந்த அன்று கூடம் நிறைய ஆட்கள், நடுவில் பிணம். அதற்குமுன் பிணத்தைப் பார்த்திராதவள் அங்கேயும் சிரித்தாள். அண்ணி அன்றைக்கு அவளைப் பார்த்த பார்வையை இருபது வருஷமாக மாற்றவில்லை. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வளாகத்துக்கு விடுமுறை. வாடிக்கையாளர் தொல்லை இல்லையென்று அவள் மட்டும் வந்து மிச்ச வேலையை முடிப்பாள். அப்படி ஒரு மதியம், கடை வாசலில் மூன்று ஆண்கள் வந்து நின்றார்கள்.

முன்னால் நின்றவர் அந்த வளாகத்து லிஃப்டைப் பராமரிக்கிற மெக்கானிக். கடைக்கு எதிரே, கயிறும் கிரீஸ் டப்பாவும் போட்டு வைக்கிற அறை அவர் பொறுப்பில் இருந்தது. அதில்தான் மூவரும் பாடிப் பழகினார்கள். அவர் கையில் ஜிப் பிய்ந்த கிடார் பை.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் தைச்சுக் குடு. உள்ள இருக்கறது கிடார் இல்ல, என் மானம். ஜிப் போனா வெளிய வந்துடும்" என்றார்.

தெரியாத ஆண்கள் மூன்று பேர், ஆளில்லாத அடித்தளம்.  விக்கல், விக்கல், விக்கல், க்ர்ர்ர்க், விசில்.

லிஃப்ட் மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார். வாழ்க்கையில் அவருடைய ஜோக்குக்கு யாரும் சிரித்ததில்லை. பெண்டாட்டி சிரித்ததில்லை. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அவரோடு இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு, வேறு வேலையே இல்லாமல் நின்றவர்கள்கூடச் சிரித்ததில்லை.

"இரும்மா, இன்னொண்ணு சொல்றேன்" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தாள்.

சிரிப்பைக் கேட்ட டிரைவிங் மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. பல்செட்டு செய்து கொடுக்கிற இளைஞன் பல்லுவுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பின் விசேஷம் அதுதான். அதைக் கேட்டவர்களால் சும்மா இருக்க முடியாது.

"அக்கா, நீங்க எங்ககூட வந்து உட்காருங்களேன். சும்மா கேட்டா போதும்" என்றான் பல்லு.

மாட்டேன் என்று சொல்லவும் வாய் திறக்க வேண்டுமே. அதனால் போனாள்.

குழுவின் பெயர் மூன்றரை மாடி. லிஃப்ட் எங்கே நிற்கக் கூடாதோ அந்த இடம். பாட்டெல்லாம் மெக்கானிக் எழுதியது.

"மேலே போற பட்டன் அமுக்கினேன், கீழே போச்சு!
கீழே போற பட்டன் அமுக்கினேன், கரண்டு போச்சு!
கதவு திறக்கிற பட்டன் அமுக்கினேன், கௌரவம் போச்சு!"

இது குழுவின் பேர் சொல்லும் பாட்டு. இன்னொன்று பல்லுவின் தொழிலை வைத்து எழுதியது.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னாங்க,
சொல்லு இருக்கு மாமா, பல்லு எங்க?
டம்ளருக்குள்ள கிடந்து சிரிக்குது,
தண்ணி குடிச்ச மாமி அலறுது!"

டிரைவிங் மாஸ்டரின் டிரம்ஸில் ஒரு சிக்கல். இருபது வருஷமாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பழகிய வலது கால் அது. பாட்டு வேகமெடுத்தால் அது தன்னால் பெரிய டிரம்மின் பெடலை ஓங்கி மிதிக்கும். பாட்டு 'டொம்' என்று நின்றுவிடும். "வளைவு வருது, ஸ்லோ பண்ணினேன்" என்பார். ஆறு வருஷத்தில் எந்தப் பாட்டும் முழு வேகத்தில் கரை சேரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் குழு மேடையேறியது. டிரைவிங் ஸ்கூல் ஆண்டு விழா, பல்செட்டுக்காரர்கள் சங்கக் கூட்டம், புது லிஃப்ட் திறப்பு விழா. கூட்டத்தின் கடைசி வரிசையில் ஜிப்புவுக்கு ஒரு நாற்காலி, கையில் ஒரு மைக். கூட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பயம் வந்துவிடும். மைக்கைப் பிடித்ததும் விக்கல் தொடங்கும். க்ர்ர்ர்க் வந்ததும் பக்கத்து நாற்காலி சிரிக்கும். விசில் வரும்போது கூடமே சிரித்துக்கொண்டிருக்கும். "பாட்டு பிரமாதம்" என்று மெக்கானிக்கின் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

மெக்கானிக் ஒழுங்கு பார்க்கிற ஆள். அவளுக்கென்று தனியாகப் பாட்டுத் தாள் எழுதிக் கொடுத்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் ஓரத்தில் 'சி' என்று இருக்கும். பெரிய சிரிப்புக்கு 'பெ.சி'. பல்லு அதை முதல்முறை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டான். "என்னக்கா, அண்ணன் வரிக்கு வரி 'சீ'ன்னு எழுதியிருக்கார்? பாட்டு மோசம்னு அவருக்கே தெரியுமா?"

"அது சீ இல்லடா, சி! சுழி எங்கடா இருக்கு?" என்று மெக்கானிக் அவன் தலையில் தட்டினார்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் புதுப் பாட்டைப் பாடும்போது கண் தாளில் இராது, அவள் முகத்தில் இருக்கும். மாஸ்டர் வந்ததும் அவள் ஸ்டூலை விசிறிப் பக்கம் தள்ளி வைப்பார். பல்லு வீட்டுச் சண்டையையெல்லாம் அவளிடம் வந்து கொட்டுவான். வாரத்தில் ஆறு நாள் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அந்த கிரீஸ் வாடை அடிக்கிற அறையில்தான் நாலு பேரில் ஒருத்தியாக இடம் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாட்டுகளில் ஒன்றுக்குக்கூட அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வினை ஆறாம் வருஷம் வந்தது. பழகப் பழகப் பயம் தேய்ந்தது. முதலில் அந்த மூவர் மேல் இருந்த பயம் போனது. அப்புறம் மைக் பயம், கடைசியில் கூட்டத்துப் பயமும் போனது. ஒரு விழாவில் விசில் வரவில்லை. அடுத்ததில் க்ர்ர்ர்க் இல்லை. அதற்கடுத்த விழாவில் ஒரே ஒரு விக்கல் வந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கடையில் பெட்டி அடுக்குக்குப் பின்னால் பொய்ச் சிரிப்பு சிரித்துப் பார்த்தாள். அண்ணன் எட்டிப் பார்த்து, "ஆடு ஏதாவது உள்ள வந்துடுச்சா?" என்றார். பயத்தைத் தேடிப் போனாள். மாஸ்டரிடம் கற்றுக்கொள்ள முதல் நாளாக வந்தவர் ஓட்டிய காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினாள். மாஸ்டர் பக்கத்தில் இருக்கிறார், பிரேக் போடுவார் என்ற நம்பிக்கையில் தூங்கிவிட்டாள். கடைசியாக அண்ணியிடமே போய், "அண்ணி, என்னைக் கொஞ்சம் திட்டுங்களேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா திட்ட எனக்கென்ன பைத்தியமா? வேலையைப் பாரு" என்றார் அண்ணி. அதுவே திட்டுதான். ஆனால் பழகின திட்டு.

மெக்கானிக்கின் கணக்கு வேறு மாதிரி ஓடியது. ஜிப்புவுக்கே சிரிப்பு வரவில்லை என்றால் தன் பாட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டினார். வாரத்துக்கு மூன்று பாட்டு எழுதினார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. லிஃப்டுக்குள் வேலை பார்க்கும்போதும் ஜோக் யோசித்து, ஒருநாள் இரண்டாம் மாடிப் பட்டனையும் ஏழாம் மாடிப் பட்டனையும் மாற்றிப் பொருத்திவிட்டார். அன்று வளாகத்தில் பாதிப் பேர் வேறு ஆபீசில் போய் உட்கார்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் நகர மண்டபத்தில் நகைச்சுவைக் குழுக்களுக்கான போட்டி வந்தது. மண்டபம் ஐந்தாவது மாடியில். முன்னூறு நாற்காலி. ஞாயிறு மாலை நாலு மணி.

முந்தைய நாள் ஒத்திகை முடிந்ததும் மெக்கானிக் கிடாரைப் பையில் போட்டார். அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் தைத்த ஜிப் சர்ரென்று மூடியது.

"நாளைக்கு ஜிப்பு சிரிச்சா குழு இருக்கும். இல்லேன்னா நாளையோட மூடிடலாம். சிரிக்க வைக்காத பாட்டைக் கட்டிக்கிட்டு அழறதுல அர்த்தமில்ல."

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றான் பல்லு.

"நான் ஒண்ணும் கோபமா சொல்லலடா. அவ பொய் சொல்ல மாட்டா. அவளுக்கு வரலேன்னா வரலதான்."

ஜிப்புவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. உண்மையைச் சொன்னால் ஆறு வருஷமும் பொய் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் குழு மூடிவிடும். இரண்டிலும் அவளுடைய ஸ்டூல் போய்விடும்.

மறுநாள் மூன்றரை மணிக்கு மண்டபத்து லிஃப்டில் சாமான்களை ஏற்றினார்கள். கிடார் இரண்டு, ஸ்பீக்கர் இரண்டு, வயர் சுருட்டி வைத்த அவளுடைய பழைய பெட்டி, டிரம்ஸ். இடம் போதாமல் பெரிய டிரம்மைத் தோல் மேலே பார்க்கத் தரையில் படுக்க வைத்தார்கள். அதன் ஓரத்தில் மாஸ்டர் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"எட்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கே, அண்ணே. இது பத்து ஆள் எடை வரும்" என்றான் பல்லு.

"மெக்கானிக் நானா, நீயா? பட்டனை அமுக்கு."

மூன்றாவது மாடி வரைக்கும் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு முனகல். லிஃப்ட் நின்றது. நின்ற லிஃப்ட் அரையடி கீழே சரிந்தது.

மாஸ்டரின் வலது கால் பிரேக்கை மிதித்தது.

அந்த மிதி இருபது வருஷத்துப் பழக்கத்தின் மொத்த பலத்தோடும் டிரம் தோலில் இறங்கியது. டொம் என்ற சத்தத்தோடு தோல் கிழிந்து, முழங்கால் வரை கால் உள்ளே போனது. மாஸ்டர் அசையாமல் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு, "நின்னுடுச்சு. யாரும் பயப்படாதீங்க, நான் பிடிச்சிட்டேன்" என்றார்.

ஜிப்பு கீழே உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் இல்லை. தோள்கள் இரண்டும் கிடுகிடுவென்று குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஐயோ, அக்காவுக்கு மூச்சு நின்னுபோச்சு!" பல்லு பாட்டுத் தாளால் விசிறினான். மெக்கானிக் மண்டியிட்டு, "ஜிப்பு, ஜிப்பு, பெருமூச்சு விடும்மா" என்று முதுகைத் தட்டினார். உதவிக்கு வர ஒரு அடி எடுத்து வைத்த மாஸ்டரோடு டிரம்மும் சேர்ந்து வந்தது. அவள் தரையிலேயே சாய்ந்துவிட்டாள்.

இரண்டு நிமிஷம் கழித்து அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஒண்ணுமில்ல. சிரிச்சேன்."

"எங்க சிரிச்சே? சத்தமே வரலையே?"

"எனக்கு நிஜமா சிரிப்பு வந்தா சத்தம் வராது, அண்ணே."

மெக்கானிக் அவளையே பார்த்தார். "அப்ப அந்த விக்கலு, விசிலு?"

அவள் பெட்டியின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "அது பயம்."

 மேலே எங்கோ மைக்கில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்கிற பொம்பளையை நம்பக் கூடாதுன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றான் பல்லு மெல்ல.

"வாயை மூடுடா" என்ற மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமும்?"

"ஆறு வருஷமும்."

"நான் எழுதினது ஒண்ணுக்குமே சிரிப்பு வரல?"

"வரல."

"டம்ளர்ல பல்லு கிடக்கிற பாட்டு?"

"இல்ல."

"அதுல அந்த மாமி அலறுற இடம்கூட?"

"அந்த இடத்துல மாமியை நினைச்சா பாவமா இருந்துச்சு."

மெக்கானிக் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்தார்.  "அப்ப, பாட்டு பழசாகிப் போகல."

"இல்லண்ணே. முதல்லேருந்தே அப்படித்தான்."

"சரி, பயந்துக்கிட்டுச் சிரிச்சே. அவ்வளவு பயம் இருந்தா ஏம்மா வாரா வாரம் வந்தே?"

அதற்கு மட்டும் அவள் யோசிக்கவில்லை. "மத்த இடத்துல எல்லாம் இதைவிடப் பயமா இருந்துச்சு. இங்கதான் கம்மி. இப்ப சுத்தமா இல்ல. அதான் சிரிப்பு வரல."

டிரம்முக்குள் கால் வைத்தபடியே மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

வாட்ச்மேன் வந்து, மெக்கானிக் உள்ளேயிருந்து கத்திக் கத்திச் சொல்லச் சொல்ல, மேலே சக்கரத்தைக் கையால் சுற்றி அவர்களை இறக்க முக்கால் மணி நேரமானது. "உங்களுக்கு லிஃப்டைப் பத்தி ஏதோ தெரியும் போலிருக்கே, சார்" என்றார் வாட்ச்மேன். மெக்கானிக் கிடாரை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தார்.

கிழிந்த டிரம்மைக் கீழேயே விட்டுவிட்டுப் படியேறினார்கள். மாஸ்டர் அவளுடைய பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு வாசித்தார். ஜிப்பு கடைசி வரிசையில் மைக்கோடு உட்கார்ந்தாள். 'சி' வந்தது, போனது. 'பெ.சி' வந்தது, போனது. முன்னூறு பேரும் போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டு வேகமெடுக்கும் இடத்தில் மாஸ்டரின் கால் பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே டிரம் இல்லை. நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார்.

மண்டபத்தில் ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. ஓங்கி எழுந்து, உருண்டு புரண்டு வருகிற சிரிப்பு. ஜிப்பு எழுந்து எட்டிப் பார்த்தாள். நாலாவது வரிசையில் போட்டி பார்க்க வந்திருந்த அண்ணன், பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் அண்ணி.

போட்டிக்கு வந்தவை மூன்று குழுக்கள். மூன்றரை மாடிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது.

திரும்பி வரும் பஸ்சில் அண்ணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "இவங்களோடவா ஆறு வருஷமா சிரிச்சுக்கிட்டிருந்தே? பாட்டைக் கேட்டா எனக்கு அழுகையில்ல வருது?"

"நான் சிரிக்கல, அண்ணி. பயம் வந்தா எனக்கு அப்படி ஆயிடும். சின்ன வயசுலேருந்தே."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப எங்கப்பா கிடந்த அன்னிக்கு?"

"அதுதான் நான் பார்த்த முதல் பிணம்."

"இதை இருபது வருஷத்துல ஒரு தடவை சொல்லக் கூடாதாடி?"

"நீங்க கேக்கலையே, அண்ணி."

 இறங்கும்போது அண்ணி அவள் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று மதியம் வரைக்கும் அவள் ஒரே ஜிப்பை மூன்று முறை பிரித்துத் தைத்தாள். எதிர் அறையில் கிடார் சத்தம் இல்லை. இரண்டு மணிக்கு மெக்கானிக் கடைக்கு வந்தார். கையில் அவளுக்கென்று எழுதிய புதுப் பாட்டுத் தாள். பழக்கத்தில் போட்ட ஓரத்து 'சி'க்களை எல்லாம் ரப்பரால் அழித்திருந்தார். அழித்த இடமெல்லாம் கிரீஸ் கறை.

"இந்தா பென்சில். புதுப் பாட்டு. உள்ள வந்து கேளு. சிரிப்பு வந்தா 'சி' போடு. வரலேன்னா மேல ஒரு சுழி சேர்த்து 'சீ' போடு. பொய் சொல்லாதே."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே, அண்ணே."

"ஆறு வருஷம் கஷ்டமில்லாம எழுதினதுதான் இந்தக் கதிக்கு ஆயிடுச்சு. எழுந்திரு. விசிறிப் பக்கம் ஸ்டூலைப் போட்டுட்டு மாஸ்டர் காத்துக்கிட்டிருக்கார்."

பெரிய டிரம்முக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள். பாடினார்கள். அவள் தாளை மடியில் வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுதாத அத்தனை பரீட்சைக்கும் சேர்த்துத் திருத்தினாள். நாலாவது சரணத்தில் பாட்டு வேகமெடுத்து, மாஸ்டரின் முகத்தில் வளைவு தெரிந்து, கால் தூக்கிய கணத்தில் மூன்று பேரும் வாசிப்பதை விட்டுவிட்டு அவளுடைய தோளைப் பார்த்தார்கள்.

மெக்கானிக் தாளை வாங்கி விரல் வைத்து எண்ணினார். இருபத்தெட்டு சீ. ஒரு சி.

"இது எந்த வரி?" என்று கேட்டார்.

"அது வரி இல்லண்ணே" என்றாள். "மாஸ்டர் கால்."

"பரவாயில்ல" என்று அவர் தாளை மடித்துக் கிடார் பையில் போட்டு ஜிப்பை மூடினார். "சுழி இல்லாம ஒண்ணு வந்திருக்கு பாரு."